எட்டு தொலைந்த மத்தியானங்கள்

அவரிடம் ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர்கள் முதலில் தங்கள் கைகளைக் காட்ட வேண்டியிருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார். பெட்டியை வாங்குகிற சாக்கில் விரல்களைப் பார்த்துவிடுவார். நகக்கண்ணில் அழுக்கு தெரிந்தால், "நீயே தொறந்து பாத்தியா?" என்பார். இல்லை என்று சொன்னால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்து ஸ்க்ரூக்களைப் பார்ப்பார். அவர் ஒருமுறை கைவைத்த பெட்டி என்றால், ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு இருக்கும். பொட்டு உடைந்திருந்தால் தீர்ந்தது.

"பொய் சொன்னதுக்கு ஒரு வாரம். அப்பால எடுத்துக்கினு வா."

இப்படிப் பேசுகிறவரிடம் யார் போவார்கள் என்று தோன்றும். பிள்ளையார்பாளையம் முழுக்க அவரிடம்தான் போயிற்று. அவர் கைபட்ட ரேடியோ மறுபடி கெட்டுப்போகாது. அதற்காக மனிதர்கள் எதையும் பொறுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. முன்னறையில் மேஜை, மீட்டர், ஈயம் உருக்கும் இரும்பு, பிரித்துப்போட்ட ரேடியோக்கள். உள்ளறையில் அவர் மனைவி ராட்டையில் பட்டு நூலைத் தறிக்கான தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பார். ராட்டைச் சத்தமும் ரேடியோ இரைச்சலும் கலந்து தெருமுனை வரை கேட்கும்.

"தப்பு இன்னான்னு நீ சொல்லாத. இன்னா நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு." இதை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லிவிடுவார். வால்வு போய்விட்டது என்று யாராவது சொன்னால், அந்த ஆள் கிளம்பும்வரை வால்வைத் தொடமாட்டார்.

பால்காரர் பாலை ஊற்றியவுடன், அவர் எதிரிலேயே கண்ணாடி அளவியை உள்ளே மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். துணிக்கடைக்காரர் சிட்டையில் எழுதிக் கொடுக்கும் கூட்டலைக் கடைவாசலிலேயே நின்று கூட்டிப் பார்ப்பார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகள் அவரிடம் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றில் அச்சாகியிருக்கும் சர்க்யூட் படங்களைக்கூட அப்படியே நம்புவதில்லை. செய்து பார்த்து, தப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவைப்பார். பெருக்கல் குறி நிறையவே இருந்தது.

அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "பொண்ணு பாத்துட்டுப் போனப்பறம் எங்க ஊர்ப் பக்கம் ரெண்டு தபா சைக்கிள்ல வந்திருக்காரும்மா. கூடத்துல காட்டனது நான்தானா, வேற பொண்ணான்னு பாக்கறதுக்கு. மொத தபா வந்தப்ப நான் ஊட்டுல இல்லியாம். அதான் ரெண்டாவது தபா."

"இன்னா தப்பு அதுல?" என்றார் இவர், தலையைத் தூக்காமல். "மாத்திக் காட்டறது நடக்குதா இல்லியா?"

ஊர் அவரைச் சந்தேகப் பிராணி என்றது. ஊருக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷத்தில், மாடியில் நீளமாகக் கம்பி கட்டி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் சிற்றலையில் எதையோ கேட்பதைப் பார்த்தவர்கள் உளவாளி என்று கிளப்பிவிட்டார்கள். விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் வந்தார். வந்தவர் நிஜமான போலீஸ்தானா என்று ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிக் கேட்டு, பதில் வந்த பிறகே இவர் கதவைத் திறந்தாராம். கான்ஸ்டபிள் அரைமணி நேரம் வெயிலில் நின்றார்.

இவையெல்லாம் சிரிக்கக்கூடியவை. சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. அவருடைய தம்பி தறி நெய்கிறவர், நல்ல மனிதர். ஒருநாள் வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அண்ணன் ஈயக் கம்பிச் சுருளில் ஏதும் குறைந்திருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார். தம்பி குடையை எடுக்காமலே போனார். பிறகு அந்த வீட்டுப் படி ஏறவேயில்லை.

இதைக் கேள்விப்பட்டு நானே அவரிடம் கேட்டேன். "அளந்தீங்களாண்ணா?"

"அளந்தேன். சரியா இருந்துச்சு."

"தம்பியைப் போயா அளப்பாங்க?"

"தம்பிய எங்க அளந்தேன்? கம்பியத்தான அளந்தேன்?" என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். சரியாக இருப்பதைச் சரி என்று தெரிந்துகொண்டது எப்படி ஒருவரைப் புண்படுத்தும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வருஷம் கழித்து அவரிடமே போய் அழுதுகொண்டு நிற்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

எழுபதுகளின் நடுவில், சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலங்களை மறுபடி அளந்து கணக்கெடுக்க காஞ்சிபுரத்தில் ஒரு தற்காலிக அலுவலகம் போட்டிருந்தார்கள். அதில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அடுத்த வருஷமே ஒரு கணக்குப் போடும் இயந்திரம் வந்தது. ஹார்மோனியப் பெட்டி அளவு. எண் பொத்தான்கள், அவற்றுக்கு மேலே சிவப்பாக எரியும் எண்கள், பக்கத்தில் அச்சாகி வரும் தாள் சுருள். அதை நாங்கள் கம்ப்யூட்டர் என்றே சொன்னோம். மூன்று நாள் பயிற்சி கொடுத்து என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட தனி அறை, ஒரு மின்விசிறி.

வேலை இதுதான். அளவையாளர்கள் வயலைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து நீள அகலங்களைக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். அந்த எண்களை நான் அடிப்பேன்; அவையும் தாளில் அச்சாகும். இயந்திரம் ஒவ்வொரு துண்டின் பரப்பையும் சென்ட்டில் கணக்கிட்டு, தாளில் அச்சடித்து, தன் நினைவில் வைத்துக்கொள்ளும். கடைசியில் எல்லாவற்றையும் தானே கூட்டி மொத்தத்தைக் கொடுக்கும். பத்துத் துண்டுவரைதான் அதன் நினைவில் நிற்கும். கோணல்மாணலான பெரிய வயல்களுக்கு அது போதவில்லை. அதனால் இயந்திரத்தைக் கொடுத்த கம்பெனியின் இன்ஜினீயர் மெட்ராஸிலிருந்து வந்து உள்ளே புதிதாக ஒரு சர்க்யூட் பலகையைப் பொருத்தினார். இனிமேல் நாற்பது துண்டுவரை நினைவிருக்கும் என்றார். அதிகாரி எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் புகார்கள் வர ஆரம்பித்தன. நிலம் குறைகிறது. கூடிவிட்டது என்று ஒருவரும் வரவில்லை. குறைந்தது என்றுதான் வந்தார்கள், பதினொரு பேர்.

அதில் அதிகம் சத்தம் போட்டவர் ஏனாத்தூரில் பயிர் வைக்கிற ஓர் அம்மாள். கணவர் இல்லாமல் தனியாக நிலத்தைப் பார்க்கிறவர். நேரே என் மேஜைக்கு வந்தார்.

"எத்தினி வாங்கினே அவன்கிட்ட? பக்கத்து நெலத்துக்காரன்கிட்ட எத்தினி வாங்கினே, சொல்லு!"

"நான் எதுக்கும்மா வாங்கறேன்? மெஷின் போடற கணக்கு அது."

"மெஷினு கை வெச்சி அடிச்சுதா, நீ அடிச்சியா? எங்க மாமனார் காலத்துலருந்து இருக்கற நெலம். எனக்குத் தெரியாதா?"

"பொய் சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். "நான் ஒரு தப்பும் பண்ணலை!"

அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதிகாரி சாதுவான மனிதர். மறுநாள் காலை என்னை உட்காரவைத்து, புகார் வந்த தாள்களில் ஐந்தாறை மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தேன். முன்பு வந்ததைவிட அதிகமாக, நிலத்துக்காரர்கள் சொன்ன மாதிரியே விடை வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் முகம்தான் மாறிவிட்டது.

"இப்ப சரியா வருதேம்மா. அப்ப மட்டும் எப்படித் தப்பா வந்துது?"

 அவர் கம்பெனிக்குச் சொல்ல, இன்ஜினீயர் மறுநாள் மெட்ராஸிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஒன்பது மணிக்குச் சோதித்து, பத்தரைக்கெல்லாம் இயந்திரத்தில் பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பழுது இயந்திரத்தில் இல்லை என்றால் அது என்னிடம்தான் இருக்க வேண்டும். அன்று மதியம் என்னோடு சேர்ந்து சாப்பிட யாரும் வரவில்லை. விசாரணை வரும், வேலை போகும், போலீஸும் வரலாம் என்று காதுபடப் பேசினார்கள்.

அன்று சாயங்காலம்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"நான் தப்பு பண்ணலைண்ணா."

"அது நீ சொல்றது." மேஜை விளக்கை என் பக்கம் திருப்பி என் கைகளைப் பார்த்தார். என் கைகளையும்! "இன்னா நடந்துச்சுன்னு சொல்லு."

சொன்னேன். நடுவில் அழுதேன். அழுகை முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார். "தப்பா வந்த தாளு எல்லாம் எத்தினி மணிக்கு அடிச்சது?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. ஒவ்வொரு தாளையும் எத்தனை மணிக்கு அடித்தேன் என்பது என் பதிவேட்டில் இருந்தது. மறுநாள் அதையும் அச்சுத் தாள்களையும் அதிகாரியின் அனுமதியோடு கொண்டுவந்து கொடுத்தேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவர் கையால் கூட்ட ஆரம்பித்தார். இயந்திரம் அச்சடித்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, அதே இயந்திரம் கொடுத்த மொத்தத்தோடு ஒப்பிட்டார். இயந்திரத்தின் கூட்டலை மனிதன் மறுபடி கூட்டிப் பார்க்கலாம் என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"துண்டு எல்லாம் சரி. மொத்தம்தான் இடிக்குது. இதுல பதினாறு புள்ளி எட்டு கொறையுது. இதுல எட்டு புள்ளி எட்டு. இதுல இருவத்தி நாலு." மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். "எல்லாத்தையும் எட்டால வகு."

வகுத்தேன். இரண்டு புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி ஒன்று. மூன்று. எல்லாம் ஒரு தசமத்துக்குள் மீதியில்லாமல் வகுபட்டன. எல்லாமே மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அடித்தவை, பத்துத் துண்டுக்கு மேல் இருந்த வயல்கள். பத்துத் தாளும் அப்படித்தான். பதினோராவது தாளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கிருந்த சந்தோஷத்தில் அதைக் கேட்கவில்லை.

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே!"

"நீ இன்னா சொன்னே? எட்டைப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

இவரை விட்டு இயந்திரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லி அதிகாரியிடம் நான்தான் போய்க் கெஞ்சினேன். கம்பெனியைக் கேட்டால் இயந்திரத்தை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவர மூன்று மாதம் என்றார்கள். மேலிடத்திலிருந்து ஒரு வாரத்தில் பதில் கேட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அதிகாரி சம்மதித்தார். ஆனால் இவர் சம்மதிக்கவில்லை.

"வாயால சொன்னா ஆவாதுங்க. எழுதிக் குடுங்க. அப்பால, நான் தொறக்கறதுக்கு முன்னாடி பெட்டியோட நாலு ஸ்க்ரூ மேலயும் பேப்பர் ஒட்டி நீங்க கையெழுத்துப் போடணும். நீங்க எதுர்ல இருந்தாத்தான் கிழிப்பேன்."

"என்னய்யா, எங்களையே நம்பமாட்டியா?"

"நீங்க என்னிய நம்பாம போயிடுவீங்க இல்ல? அதுக்குத்தான்."

மறுநாள் காலை வந்து பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்தார். முதலில் சோதித்தது என்னைத்தான். நான் அடிக்க அடிக்க, என் விரல்களைப் பார்த்து ஒவ்வொரு எண்ணையும் தனித்தாளில் எழுதினார். ஒரு மணி நேரம். பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தால்கூட எனக்கு அப்படி வியர்த்திருக்காது. பிறகு புதிய பலகையின் நினைவில் வெறும் எட்டுகளாகப் போட்டுத் திருப்பிக் கேட்கச் சொன்னார். 8888 என்று போட்டேன். 8888 என்று திரும்பி வந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார்.

"மத்தியானம் பாக்கலாம்" என்றார் இவர்.

சித்திரை மாதம். ஒரு மணிக்கெல்லாம் கூரை கொதித்தது. அரைமணிக்கு ஒருதரம் அதே எண்ணைப் போட்டுத் திருப்பிக் கேட்டோம். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு 8888 என்று போட்டேன். சிவப்பு எழுத்தில் 0000 என்று வந்தது.

அச்சாகி வந்த தாளில் அதிகாரியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார் இவர். "ஒம்பது போடு" என்றார். 9999 போட்டேன். 1111 வந்தது. "ஏழு போடு." 7777 போட்டேன். அது அப்படியே 7777.

அதிகாரி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னய்யா இது?"

இவர் இடது கையின் நான்கு விரல்களை விரித்துக் காட்டினார். "நீங்க போடற ஒவ்வொரு எண்ணும் நாலு கம்பி வழியா போவுது சார். மொதலு ஒண்ணு, அடுத்தது ரெண்டு, அப்பால நாலு, கடைசி எட்டு. அஞ்சு போவணும்னா நாலும் ஒண்ணும் சேந்து போவும். ஏழுன்னா மொத மூணும் சேந்து போவும். எட்டாங் கம்பி அறுந்துச்சின்னு வெச்சிக்கங்க, எட்டு சுழியாயிடும். ஒம்பதுல ஒண்ணுதான் மிஞ்சும். ஏழு வரிக்கும் ஒரு கோளாறும் தெரியாது. அதான் கொறையுது, கூடமாட்டேங்குது."

"அப்ப காலையில?"

"சூட்டுல உட்டுக்குது, ஆறினா ஒட்டிக்குது."

கையெழுத்துப் போட்ட காகிதங்களைக் கிழித்து, பெட்டியைத் திறந்து, புதிய பலகையை வெளியே தூக்கி நிறுத்தினார். நூறு வாட் பல்பை ஒரு பக்கமாகப் பிடித்துச் சூடேற்றினார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒவ்வோர் இடமாக வைத்துக் குளிரவைத்தார். நான் எட்டைப் போட்டுப் போட்டுத் திருப்பிக் கேட்டேன். சுழி, சுழி, சுழி. ஓரத்தில் ஸ்க்ரூ முடுக்கிய துளைக்குப் பக்கத்தில் பஞ்சை வைத்ததும் எட்டுகள் திரும்பி வந்தன. பஞ்சை எடுத்துப் பல்பைக் காட்டினார், சுழி. மறுபடி பஞ்சு, எட்டு. எங்களுக்கு முதல் தடவையே போதும். அவருக்கு ஆறு தடவை வேண்டியிருந்தது.

பூதக்கண்ணாடியை அதிகாரியிடம் கொடுத்தார். பலகையின்மேல் ஓடும் செம்புக் கோட்டில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு விரிசல். பலகையைப் பொருத்தும்போது ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பியூன், "அத்த ஒட்டறதுக்கு நம்ம ஊட்டுல ஜரிகை இருக்குது, எடுத்துக்கினு வரட்டா? வெள்ளிதான, நல்லா புடிக்கும்" என்றார்.

"அதுல எத்தினி வெள்ளி, எத்தினி செம்புன்னு நெய்யறவனுக்கே தெரியாது" என்று சொல்லி, இவர் தன் பெட்டியிலிருந்த டெலிபோன் கம்பியில் ஓர் இழையைப் பிரித்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, விரிசலின் இரண்டு பக்கமும் சேர்த்து ஈயம் வைத்தார். அன்று அலுவலகம் முடியும்வரை எட்டு எட்டாகவே இருந்தது. அடுத்த மூன்று மத்தியானங்களும் வந்து உட்கார்ந்து பார்த்தார். அதன் பிறகுதான் சரியாகிவிட்டது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

நான்காம் நாள் இன்ஜினீயர் வந்தார். பலகையைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"இதை உடைச்சதே இந்த ஆளுதான் சார். தெருவுல ரேடியோ ரிப்பேர் பண்றவனைக் கூப்பிட்டு எங்க மெஷினைத் தொறக்கவிட்டிருக்கீங்க. விரிசல் முன்னாடியே இருந்துதுன்னு என்ன அத்தாட்சி?"

அதிகாரி மேஜை இழுப்பறையைத் திறந்தார். கிழித்த நான்கு காகிதங்கள், அவற்றில் அவருடைய கையெழுத்து, தேதி, நேரம். பெட்டி மூடியிருக்கும்போதே 8888 போட்டு 0000 வந்த அச்சுத் தாள், அதிலும் கையெழுத்து. இன்ஜினீயர் அவற்றை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பலகையை மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அந்த நேரம் முழுவதும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி மகிழ்ச்சியோடு அறிக்கை எழுதினார். பதினொரு பிழைகளும் இயந்திரத்தால் நேர்ந்தவை, அதை இயக்கிய பெண் குற்றமற்றவர். பழுதுபார்த்தவர் என்ற முறையில் இவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இவர் இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"பதினொண்ணுன்னு போட்டிருக்குது. நான் பாத்தது பத்து."

"மிச்சம் ஒண்ணு?"

அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு இந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் பேசணும் சார். பத்து நிமிசம் குடுங்க."

வராந்தாவில் வைத்து, சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தார். ஏனாத்தூர் அம்மாளின் வயல்.

"இத்த காலைல பத்து மணிக்கு அடிச்சிருக்கே. கூட்டினா மொத்தம் சரியா வருது. எட்டும் போவல, ஒம்பதும் போவல. ஆனா நெலம் கொறையுது." அளவையாளரின் குறிப்பேட்டையும் எப்போதோ கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதைத் திறந்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். அதில் 36 என்று இருந்தது. என் தாளில் 30 என்று இருந்தது. குறிப்பேட்டில் அந்த ஆறு நன்றாகத் தெளிவாகவே இருந்தது.

குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"யாராவது சொல்லி அடிச்சியா?"

"இல்லண்ணா! சத்தியமா இல்ல!"

"சத்தியம்லாம் வேணாம். பக்கத்து நெலத்துக்காரன் வந்து பேசினானா?"

"யாருன்னே தெரியாதுண்ணா."

"கண்ணு தப்பா பாத்துச்சா, கை தப்பா அடிச்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலைப்பொழுதே என் நினைவில் இல்லை. "தெரியலண்ணா."

"இன்னிவரிக்கும் நீ சொன்னதுல இது ஒண்ணுதான் நம்பற மாதிரி இருக்குது."

"என்னை நம்பலியாண்ணா நீங்க?"

"நீ அடிச்சப்ப நான் அங்க இருந்தனா?"

அப்போது நான் சொன்னதை எழுத இன்றும் கூசுகிறது. "எப்படியும் எல்லாத்தையும் மறுபடி கணக்குப் போடப்போறாங்க. அந்தம்மா நிலம் சரியாயிடும். இதையும் மெஷின் தப்போட சேத்துட்டா யாருக்கு என்ன நஷ்டம்? நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தா போதும்ணா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தாளையும் குறிப்பேட்டையும் என் கையில் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா பத்துன்னுதான் போடுவேன்."

வராந்தாத் தூணருகே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த அம்மாளின் முகமே எதிரில் நின்றது. பொய் சொல்லாதீங்க என்று அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி நான் கத்தியபோது அவர் வாயடைத்துப் போனார். தன் நிலத்தைப் பற்றி அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. பணம் வாங்கினேன் என்றது ஒன்றுதான் பொய். நான் சொன்னதில் எது உண்மை?

அதிகாரியின் அறைக்குள் போய்த் தாளை மேஜையில் வைத்துச் சொன்னேன். அவர் தாளை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"இதை எதுக்கும்மா சொல்றே? விட்டா அதோட போச்சு."

"அவங்களைப் பொய் சொல்றீங்கன்னு கத்தினேன் சார். தப்பு என்னோடது. அவங்ககிட்டயும் சொல்லணும்."

சொன்னதற்கு என்ன கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வருஷ ஊதிய உயர்வு நின்றது. இயந்திரத்திலிருந்து மாற்றி மறுபடி டைப் அடிக்கப் போட்டார்கள். ஏனாத்தூர் அம்மாள் வந்து திருத்திய தாளை வாங்கிக்கொண்டார். நான் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்றேன். "நீ வாங்கலைன்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போனார். 

ஆனால் அன்று, அதிகாரியின் அறையில் பேசி முடித்துத் திரும்பியபோது, அரைக்கதவுக்குக் கீழே ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. நான் சொல்கிறேனா என்று கேட்க இவர்தான் கதவுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "அந்தப் பேப்பரைக் குடுங்க சார்" என்றார். பதினொன்று என்பதை அடித்துப் பத்து என்று திருத்தினார். அடியில், நின்றபடியே, கோணல் எழுத்தில் மெதுவாக எழுதினார்: 'ஒரு தாளின் பிழை தன்னுடையது என்று இந்தப் பெண் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகவே அதிகாரியிடம் சொன்னாள். நான் வெளியே நின்று காதால் கேட்டேன்.'

கையெழுத்துப் போடவில்லை. தாளை என் பக்கம் நீட்டினார்.

"நீ ஒரு தபா படிம்மா. எங்கனா தப்பா எழுதியிருந்தா சொல்லு."

படித்தேன். சரியாக இருக்கிறது என்றேன். சரி என்று வாங்கிக்கொண்டவர், அதை மறுபடி தான் படித்துப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டார்.